ஷாக் ஓய்வு: சென்டர்களில் பெரியவர் யார்?

2 ஜூன் 2011 — ஒரு வாசகரின் கேள்வி

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில் சென்டராக, அதாவது கூடைக்கடியில் நின்று ஆடும் உயரமான ஆளாக, ஆடிவந்த ஷாக்கீல் ஓநீல் ஓய்வு பெற்றுவிட்டாராம். ட்விட்டரில் பதினைந்து விநாடி வீடியோ, அதோடு முடிந்தது. எல்லாரும் அஞ்சலி எழுதுகிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம். உடம்பை எடுத்துவிட்டால் இவரிடம் என்ன மிஞ்சும்? எதிராளியின் ஃபவுலுக்காக, தடுக்க ஆளில்லாமல் கோட்டில் நின்று போடும் ஃப்ரீ த்ரோகூடப் போடத் தெரியாது, தூரத்திலிருந்து ஷாட் கிடையாது. பெரிய சென்டர்களான பில் ரஸ்ஸல், வில்ட் சேம்பர்லின், கரீம் அப்துல் ஜப்பார், ஹக்கீம் ஒலாஜுவன் வரிசையில் இவரை நிறுத்துவது நியாயமா?

2 ஜூன் 2011, காலை

உடம்பை எதற்கு எடுக்க வேண்டும்? கரீமின் உயரத்தைக் கழித்துவிட்டா, தலைக்கு மேலிருந்து ஒற்றைக் கையால் வளைத்துப் போடும் அவர் ஸ்கைஹூக்கை மதிப்பிடுகிறோம்?

கல்லூரி அணியில் நானும் சென்டர்தான், உயரம் இருந்த ஒரே காரணத்துக்காக. மாவட்டப் போட்டி ஒன்றில் என்னைவிட இருபது கிலோ கூடுதலான ஒருவரைத் தடுக்கச் சொன்னார் எங்கள் கோச். அவர் பந்தை வாங்கிக்கொண்டு பின்னால் சாய்வார், நான் கூடைக்கு அடியில் போய் நிற்பேன். முதலில் எல்லாம் எடை என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் போனதும்தான் தெரிந்தது: என் எந்தக் காலில் பாரம் இருக்கிறது என்று முதுகாலேயே பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் காலைப் போட்டுத் திரும்புகிறார். ஷாக் செய்ததும் அதுதான். 7 அடி 1 அங்குலம், 150 கிலோவைத் தொடும் எடை, அதோடு அந்தத் திரும்பல். அந்த உயரத்தில் லீகுக்கு வந்துபோனவர்கள் நிறைய. அவர்களில் எத்தனை பேருக்கு அந்த வேகத்தில் திரும்ப வந்தது?

2 ஜூன் 2011, இரவு

எண்கள் கேட்டவருக்கு. 19 சீசன், 28,596 புள்ளிகள். ஓய்வு பெறும்போது கரீம், கார்ல் மலோன், ஜோர்டன், வில்ட் ஆகியோருக்கு அடுத்து ஐந்தாவது இடம். நான்கு பட்டங்கள்: லேக்கர்ஸில் 2000, 2001, 2002; மயாமியில் 2006. முதல் மூன்றிலும் ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். தொடர்ந்து மூன்று முறை அதை வாங்கிய இன்னொருவர் ஜோர்டன் மட்டும்.

2000 ஃபைனல்ஸில் இண்டியானாவுக்கு எதிராகச் சராசரி 38 புள்ளிகள், 16.7 ரீபவுண்ட் (கூடைக்குள் போகாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). மறு வருடம் டிகெம்பே முட்டோம்போ. அந்த சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கிக்கொண்டு வந்தவர். அவர் மேலேயே 33 புள்ளிகள். முட்டோம்போ மோசமாக ஆடினார் என்று யாரும் சொல்லவில்லை. முழங்கை பட்டுப் பட்டு மனிதர் ஒரு வழியாகிவிட்டார்.

3 ஜூன் 2011

ஃப்ரீ த்ரோ விஷயத்தை மூடி மறைக்கப் போவதில்லை. 11,252 போட்டு 5,935 உள்ளே போனது. அதாவது 52.7 சதவீதம். ஐந்தாயிரத்துக்கு மேல் வெளியே. 2000 டிசம்பரில் சியாட்டிலுக்கு எதிராகப் பதினொன்று போட்டார், பதினொன்றும் போகவில்லை.

ஆனால் இந்தக் குறையை வைத்து ஆளை வரிசையிலிருந்து நீக்குவதானால் வில்ட்டும் போவார் (51.1), ரஸ்ஸலும் போவார் (56.1). மிச்சம் இருப்பவர்களை வைத்துக்கொண்டு என்ன வரிசை போடுவது? வில்ட்டின் கதை இன்னும் வேடிக்கை. ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த சீசனில் இரண்டு கைகளாலும் பந்தைத் தாழப் பிடித்து, கீழிருந்து மேலே வீசிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்தில் 32-க்கு 28 உள்ளே! அப்புறம், பார்க்கக் கேவலமாக இருக்கிறது என்று அதை விட்டுவிட்டார். ஷாக்கும் அதே காரணத்துக்காக அந்த முறையைத் தொடவே இல்லை. இவ்வளவு பெரிய மனிதர்களுக்கு இவ்வளவு சின்ன வெட்கம்.

3 ஜூன் 2011, சற்று நேரம் கழித்து

வேண்டுமென்றே ஃபவுல் செய்து கோட்டுக்கு அனுப்பும் உத்தி ஷாக்குக்காகப் பிறந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. 1997 டிசம்பரில் டல்லஸ் கோச் டான் நெல்சன் அதை சிகாகோ ஆட்டக்காரர் ராட்மன் மேல் முதலில் பிரயோகித்தார். பப்பா வெல்ஸ் என்ற பையனை அதற்கென்றே இறக்க, அவன் மூன்று நிமிடத்தில் ஆறு ஃபவுலும் முடித்து வெளியேறினான். ராட்மன் 12-க்கு 9 போட்டுவிட்டார். முதல் பரீட்சையிலேயே தோற்ற மருந்து ஷாக்கிடம் பலித்தது.

பலித்ததா என்பதும் கேள்விதான். 2000 ஃபைனல்ஸின் இரண்டாம் ஆட்டத்தில் இண்டியானா அவரை 39 ஃப்ரீ த்ரோ போட வைத்தது. 18 உள்ளே போனது. ஆட்டம் முடியும்போது ஷாக்கின் கணக்கில் 40 புள்ளி, 24 ரீபவுண்ட். வென்றது லேக்கர்ஸ்.

5 ஜூன் 2011

இரண்டு நாளாகக் கோப்பை எண்ணிக்கையையும் சராசரியையும் வைத்து முட்டிக்கொள்கிறோம். நான் வேறு ஒன்றைப் பார்ப்பேன். இவர் ஆடியதால் மற்றவர்கள் எதை மாற்ற வேண்டியிருந்தது?

ஜார்ஜ் மைக்கன் கூடைக்கடியில் நின்றால் தாங்க முடியவில்லை என்று 1951-ல், அங்கே மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாத பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 ஆக்கினார்கள். வில்ட்டுக்காக 1964-ல் 16 ஆனது. ரஸ்ஸலின் ஆட்டத்தைப் பார்த்துக் கல்லூரி ஆட்டத்தில் அகலத்தைக் கூட்டினார்கள். கரீம் (அப்போது லூ அல்சிண்டர்) யுசிஎல்ஏ கல்லூரியில் ஆடியபோது 1967-ல் கல்லூரிகளில் டங்க் செய்வதையே, அதாவது பந்தைக் கையாலேயே கூடைக்குள் திணிப்பதையே, தடை செய்தார்கள். தடை 1976 வரை நீடித்தது. அதற்குள் மனிதர் ஸ்கைஹூக்கைத் தீட்டிக்கொண்டு என்பிஏ-வுக்குப் போய் எத்தனையோ எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கிவிட்டார்.

ஷாக்குக்காக? 1993-ல் ஃபீனிக்ஸிலும் நியூஜெர்சியிலும் பலகையைத் தாங்கும் அமைப்பையே சரித்தார். அதன்பிறகு அதை வலுப்படுத்த வேண்டியதாயிற்று. அதைவிடப் பெரியது, மேற்குப் பிரிவு அணிகள் ஆள் எடுத்த விதம். ஷாக்கின் முன்னால் நிறுத்துவதற்கென்றே சம்பளம் கொடுத்து உயரமான ஆட்களை பெஞ்சில் அடுக்கினார்கள். தலைக்கு ஆறு ஃபவுல், மூன்று பேர் என்றால் பதினெட்டு. நிலையை விட்டுக் கிளம்பிய தேரை யாரும் கையால் நிறுத்துவதில்லை, சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுப்பார்கள். அந்தக் கட்டைகள்தான் இவர்கள். பாவம், பலருக்கு அதற்கு மேல் கூடைப்பந்து வாழ்க்கையே இல்லை.

போர்ட்லண்டில் அந்த வேலையைச் செய்தவர் சபோனிஸ். அவர் கட்டை இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். லித்துவேனியாக்காரர், 1988 ஒலிம்பிக்கில் அமெரிக்காவை வென்ற சோவியத் அணியின் சென்டர். குதிகால் தசைநாண் அறுந்து, முழங்கால் தேய்ந்து, முப்பது வயதில்தான் என்பிஏ-வுக்கு வந்தார். முழு உடம்போடு வந்திருந்தால் இந்த இழையில் அவர் பெயர் இன்னும் மேலே இருந்திருக்கும்.

5 ஜூன் 2011, இரவு

மைக்கனைப் பற்றி எழுதிய பிறகு ஞாபகம் வந்தது. அவர் இறந்தது 2005 ஜூன் 1. குடும்பத்துக்குப் பணக்கஷ்டம் என்று கேள்விப்பட்டு ஈமச் செலவை ஏற்றுக்கொண்டவர் ஷாக். ஷாக் ஓய்வை அறிவித்ததும் ஜூன் 1. அவருக்கே இது தெரியுமோ என்னவோ.

6 ஜூன் 2011

2001-ல் ஸோன் டிஃபென்ஸுக்கு (ஆளுக்கு ஆள் என்றில்லாமல் இடத்தைக் காக்கும் தடுப்பாட்டம்) அனுமதி கொடுத்ததும் ஷாக்கால்தான் என்று என் அளவுகோலுக்கு வலு சேர்க்க ஒருவர் முன்வந்திருக்கிறார். நன்றி, வேண்டாம். அப்போது லீகில் புள்ளிகள் சரிந்து, ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டிருக்க மற்ற நால்வர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் ஆட்டமாகிவிட்டது. விதி மாறியதற்கு முதல் காரணம் அது. ஷாக்குக்கு அதனால் சங்கடம் வந்தது உண்மை. ஆனால் மாறிய முதல் சீசனிலேயே நியூஜெர்சிக்கு எதிராக ஃபைனல்ஸில் சராசரி 36.3 எடுத்துப் பட்டம் வாங்கினார்.

8 ஜூன் 2011

என் அளவுகோலில் இடிக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார். ஹக்கீம் ஒலாஜுவன்.

விதிப்புத்தகத்தில் அவருக்காக எழுதிய வரி ஒன்றும் இல்லை. என்னவென்று எழுதுவது? தோளை இடப்பக்கம் காட்டிவிட்டு வலப்பக்கம் திரும்பக் கூடாது என்றா? லாகோஸில் கால்பந்தும் ஹேண்ட்பாலும் ஆடி வளர்ந்தவர், பதின்ம வயதில்தான் கூடைப்பந்தைத் தொட்டார். 1993-94-ல் எம்விபி, சிறந்த தடுப்பாட்டக்காரர், ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர் மூன்றும் ஒரே சீசனில். இன்றுவரை வேறு யாருக்கும் அது வாய்க்கவில்லை. அடுத்த வருடம் எம்விபியை டேவிட் ராபின்சனுக்குக் கொடுத்தார்கள். ஹக்கீம் அவரையே எதிர்த்து ஆடிய தொடரில் சராசரி 35.3. ராபின்சன் சாதாரண ஆளில்லை, முந்தைய வருடம் ஒரே ஆட்டத்தில் 71 புள்ளி போட்டவர். அந்தத் தொடரில் ஹக்கீமின் பின்னால் அவர் திரும்பித் திரும்பித் தேடுவதைப் பார்த்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். அதே சீசன் பிப்ரவரியில் ரமலான் நோன்பு இருந்துகொண்டே அந்த மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

அப்புறம் ஃபைனல்ஸ், எதிரே ஷாக் அப்போது ஆடிய ஆர்லண்டோ. ஹக்கீமின் ஹூஸ்டனுக்கு 4-0. சராசரி ஹக்கீம் 32.8, ஷாக் 28. இதை வைத்து ஹக்கீமே பெரியவர் என்று முடிப்பவர்கள் ஷாக்கின் வயதைச் சொல்வதில்லை: 23. முதல் ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் நான்கு ஃப்ரீ த்ரோவைத் தொடர்ந்து விட்டவர் நிக் ஆண்டர்சன். அந்த ஒரு தடவையாவது ஃப்ரீ த்ரோ பழி ஷாக் தலையில் விழவில்லை.

9 ஜூன் 2011

மோசஸ் மலோனை மறந்துவிட்டீர்களே என்று கோபப்பட்டவருக்கு: மறக்கவில்லை. மூன்று எம்விபி. எதிரணிப் பலகையில் ரீபவுண்ட் பிடிப்பதில் அவருக்கு இணை கிடையாது. தவறிய பந்து எங்கே விழும் என்று அவருக்கு மட்டும் யாரோ முன்கூட்டியே சொல்லிவிடுவது போல் இருக்கும். 1983 ப்ளே ஆஃபுக்கு (பட்டத்துக்கான தொடர்கள்) முன் 'நாலு, நாலு, நாலு' என்றார். மூன்று தொடரையும் ஒன்றுகூடத் தோற்காமல் நாலு நாலு வெற்றியில் முடிப்போம் என்று பொருள். ஒன்றே ஒன்று தோற்றார்கள். வரிசையில் ஆறாவது.

13 ஜூன் 2011

டல்லஸ் பட்டம் வாங்கிவிட்டது. கடைசிக் கால்மணியில் கரண்ட் போய்விட்டது, பக்கத்துத் தெரு நண்பனுக்கு போன் போட்டுக் காதால் பார்த்தேன். டிர்க் நோவிட்ஸ்கி 7 அடி. ஒற்றைக் காலில் பின்னால் சாய்ந்து போடுகிறார். உயரமானவன் எல்லாம் கூடைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்ற காலம் போய்விட்டது. ஷாக் சரியான நேரத்தில்தான் கிளம்பியிருக்கிறார்.

20 ஜூலை 2011

ஹூஸ்டனின் சீன சென்டர் யாவ் மிங்கும் ஷாங்காயில் ஓய்வை அறிவித்துவிட்டார். வயது முப்பதுதான். ஷாக் ஆடியது 1,207 ஆட்டங்கள், யாவ் 486. கால் எலும்பில் விரிசல் மேல் விரிசல்.

2003 ஜனவரியில் இருவரும் முதல்முதலாக மோதியதை மறக்க முடியாது. அதற்கு முன் ஷாக் ஒரு பேட்டியில் சீன மொழியைக் கிண்டலடித்து வாங்கிக்கட்டிக்கொண்டார். யாவ் கோபப்படவில்லை. சீன மொழி கஷ்டம்தான், சின்ன வயதில் எனக்கும் வரவில்லை என்றார். ஆட்டம் தொடங்கியதும் ஷாக்கின் ஷாட்டை அடுத்தடுத்துத் தடுத்தார்! ஷாக் அப்புறம் 31 புள்ளி எடுத்தார், ஆனால் கூடுதல் நேரத்தில் வென்றது ஹூஸ்டன். யாவின் ஃப்ரீ த்ரோ 83 சதவீதம். அந்தக் கையை இந்த உடம்போடு ஒட்டியிருந்தால் லீகையே மூடியிருப்பார்கள்.

ஒரே கோடையில் இரண்டு பேர். இனி காலை ஆறு மணிக்கு எழுந்திருக்க எனக்குக் காரணம் குறைவு.

27 அக்டோபர் 2012

ரசிகர்கள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல் ஸ்டார் ஆட்டத்தின் வாக்குச்சீட்டில் சென்டர் என்ற தனி இடத்தையே எடுத்துவிட்டார்கள். இனி 'முன்வரிசை' மூன்று பேர், அவ்வளவுதான். இந்த இழையைப் படித்துவிட்டுச் செய்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

10 செப்டம்பர் 2016

ஸ்பிரிங்ஃபீல்டில் ஷாக், யாவ், ஐவர்சன் மூவரும் ஒரே மேடையில் ஹால் ஆஃப் ஃபேமில் (கூடைப்பந்தின் புகழ் மண்டபம்) சேர்ந்தார்கள். 2000-ல் எம்விபி வாக்கு 121-ல் ஷாக்குக்கு 120. மிச்சம் ஒன்று விழுந்தது ஐவர்சனுக்கு. அந்த ஒன்று இல்லாவிட்டால் ஒருமனதாகத் தேர்வான முதல் ஆள் ஷாக். கடைசியில் இந்த வருடம் அந்தப் பெருமை ஸ்டீபன் கரிக்குப் போனது. தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்டின் மன்னர்! ஷாக் வாழ்நாளில் போட்ட மூன்று புள்ளி ஷாட் ஒன்றே ஒன்று. கரீமும் ஒன்றே ஒன்று, தெரியுமா?

பழைய குறிப்புகளைப் படித்தேன். ஷாக்கின் உச்சத்தைப் பற்றி எழுதியதில் எதையும் மாற்ற மாட்டேன். ஆனால் ஓர் எம்விபிதான் என்பதை வாக்காளர்கள் மேல் போட்டுவிட முடியாது. 2002 கோடையில் கால் விரல் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப் போட்டார். வேலை நேரத்தில் பட்ட அடி, வேலை நேரத்திலேயே ஆறட்டும் என்றார். சீசனின் தொடக்கத்தில் அவர் இல்லாமல் லேக்கர்ஸ் திணறியது, அந்த வருடப் பட்டமும் போனது. கரீம் அப்படி இல்லை. 1985 ஃபைனல்ஸின் முதல் ஆட்டத்தில் பாஸ்டனிடம் 148-114 என்று உதை. 38 வயது மனிதரைக் கிழவர் என்று எழுதினார்கள். அடுத்த ஆட்டத்தில் 30 புள்ளி, 17 ரீபவுண்ட். பட்டமும் வாங்கி, அந்த ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரரும் ஆனார். இருபது சீசன், ஆறு எம்விபி, ஆறு பட்டம், 38,387 புள்ளிகள். தினமும் வேலைக்கு வந்தவர் என்ற ஒரு காரணமே போதும், ஷாக்கைவிட இரண்டு படி மேலே வைக்க.

1 ஆகஸ்ட் 2022

பில் ரஸ்ஸல் நேற்று காலமானார். 88 வயது.

இந்த இழையில் அவரைக் குறைவாகத்தான் பேசியிருக்கிறோம். காரணம் எளிது: நம்மில் யாரும் அவர் ஆடிப் பார்த்ததில்லை, தடுத்த பந்துக்குக் கணக்கும் இல்லை. 1973-74 சீசனில்தான் அதை எண்ணத் தொடங்கினார்கள். ரஸ்ஸல் 1969-லேயே போய்விட்டார். பாஸ்டனில் 13 சீசன், 11 பட்டம். கடைசி மூன்று சீசன் ஆட்டக்காரரும் அவரே, கோச்சும் அவரே. தொடரை முடிவுசெய்யும் ஏழாவது ஆட்டம் என்று வந்தபோதெல்லாம், பத்து முறையும், வென்றது அவர் அணி.

பந்தைத் தடுப்பதில் அவர் வழி தனி. கூட்டத்துக்குள் அறைந்தால் கைதட்டு கிடைக்கும், பந்து மறுபடி எதிரணிக்குத்தான். ரஸ்ஸல் மெதுவாகத் தட்டி, தன் ஆளிடமே போகவிட்டு, அங்கிருந்தே அடுத்த ஓட்டத்தைத் தொடங்கி வைப்பார். கைக்கு எட்டிய பந்தை வெளியே அறைந்து சத்தம் போட்ட எனக்கு இதை அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

வில்ட்டோடு 140-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். வில்ட்டின் சராசரி அவற்றில் 28.7 புள்ளி, ரஸ்ஸலுக்கு 14.5. வென்றது பெரும்பாலும் பாஸ்டன். வில்ட் சராசரி 50.4 எடுத்த 1961-62-ல்கூட எம்விபி ரஸ்ஸலுக்குத்தான். நன்றி தெரிவிக்கும் நாளில் ரஸ்ஸல் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து அவரோடு மோதுவார் வில்ட். 1969 ஃபைனல்ஸின் ஏழாம் ஆட்டத்தில் லேக்கர்ஸ் வெற்றிக்காக அரங்கின் கூரையில் பலூன்களைக் கட்டி வைத்திருந்தார்கள். முழங்கால் வலி என்று வில்ட் வெளியேறினார். மறுபடி இறங்கக் கேட்டபோது கோச் இறக்கவில்லை. இரண்டு புள்ளியில் பாஸ்டன் வென்றது. வில்ட் வெளியேறியிருக்கக் கூடாது என்று ரஸ்ஸல் பிறகு பேசிவிட, இருவரும் ஏறக்குறைய இருபது ஆண்டு பேசிக்கொள்ளவில்லை. பலூன்கள் கூரையிலேயே கிடந்தன.

எதிரணி எதை மாற்றியது என்று 2011-ல் கேட்டேன். தன் அணியின் மற்ற நால்வரை எப்படி மாற்றினார் என்றும் கேட்க வேண்டும். பின்னால் ரஸ்ஸல் இருக்கிறார் என்ற தைரியத்தில் மற்ற பாஸ்டன்காரர்கள் பந்துக்குப் பாய்ந்தார்கள். அதனால் என் வரிசையில் ரஸ்ஸல் முதலில், கரீம் இரண்டாவது. அவர்களுக்கு அடுத்து வில்ட், ஷாக், ஹக்கீம்.

12 ஆகஸ்ட் 2022

ரஸ்ஸல் அணிந்த 6-ஆம் எண்ணை எல்லா அணிகளிலும் நிரந்தரமாக ஒதுக்கிவிட்டார்கள். இப்போது அணிந்திருப்பவர்கள் மட்டும் தொடரலாம். லெப்ரானும் அதில் ஒருவர்.

13 ஜூன் 2023

டென்வர் சாம்பியன். ப்ளே ஆஃபில் மொத்தப் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் (புள்ளிக்கு வழிசெய்த பாஸ்) மூன்றிலும் ஒரே ஆள் முதலிடம், இதுவரை நடக்காதது. நிகோலா யோக்கிச், 2014 டிராஃப்டில் (அணிகள் புதியவர்களை வரிசையாக எடுக்கும் தேர்வு) 41-ஆவதாக எடுக்கப்பட்ட செர்பியர். குதிக்க மாட்டார், ஓட்டமும் ஒரு நடைதான். கோப்பையை வாங்கிவிட்டு, வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்கிறார். ஊர்வலம் வியாழக்கிழமை என்றதும் முகம் வாடிவிட்டது. சொந்த ஊரான சோம்போரில் குதிரைகள் காத்திருக்கின்றன.

இவரைச் சென்டர் என்பதா என்று கேட்கிறார்கள். ஆட்டத் தொடக்கத்தில் பந்துக்காகக் குதிக்க நிற்பவர் அவர்தானே? இரண்டு பேர் சேர்ந்து மறித்தால் பாஸ் கொடுத்துக் கொல்கிறார், ஒருவரை விட்டால் புள்ளி எடுத்துக் கொல்கிறார். ஷாக்குக்கு எதிராகவும் இதே திண்டாட்டம்தான், வந்த வழி வேறு. இப்போதைக்கு மோசஸுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். இன்னொரு பட்டம் வரட்டும், ஹக்கீமோடு பேசிக்கொள்ளலாம்.

23 ஜூன் 2023

நெட்டையான புதுப்பையன் வெம்பன்யாமாவை எங்கே வைப்பாய் என்று இதுவரை மூன்று பேர். பையனை சான் அன்டோனியோ எடுத்தே ஒரு நாள்தான் ஆகிறது ஐயா. இன்னும் ஒரு ஆட்டம் ஆடவில்லை. முதலில் கால் எலும்பு தாங்கட்டும். யாவைப் பார்த்த பிறகும் இந்த அவசரமா?